காணொளி எடுக்கும் முன்

ஒரு காலத்தில் சலனப் படம் எடுக்க விரும்பியவர்க்குப் படப்பெட்டியும் படச்சுருளும் இருட்டறையும் வேண்டியிருந்தன. படச்சுருளின் ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டு. எடுத்தது பிழையாயின் அந்த விலை வீணாகும். ஆதலால் அக்காலத்தார் படப்பெட்டியைத் திறக்கு முன்னரே, எதை எடுப்பது, எதை விடுப்பது என்று நெடுநேரம் ஆராய்ந்தனர். இன்றோ உங்கள் இல்லத்திலுள்ள கைப்பேசியே படப்பெட்டி. அதுவே ஒலிப்பதிவுக் கருவி. அதுவே படத்தை வெட்டி ஒட்டும் கூடமும் ஆகும். தொட்டவுடன் படம் பதிகிறது, விரும்பாவிடின் நீக்கிவிடலாம். இந்த எளிமையால் ஒரு தீங்கும் விளைந்தது. எண்ணிப் பாராமலே எடுத்துத் தள்ளும் பழக்கம் நம்மிடையே வந்துவிட்டது. பள்ளி ஆண்டு விழாவை நாற்பது பேர் கைப்பேசியில் எடுக்கின்றனர். ஆறு திங்கள் சென்றபின் அவ்விழாவில் அரங்கேறிய நாடகத்தை முழுமையாகக் காண விரும்பினால், நாற்பது பேரிடமும் துண்டு துண்டான காட்சிகளே கிடைக்கும்.

படமும் ஒலியும் எழுத்தும் எண்களாக மாற்றப்பட்டுக் கணினியில் சேர்த்து வைக்கப்படுவதால் இவற்றை எண்ம ஊடகம் என்கிறோம். ஒருவர் பேசும்போது, நல்லதோர் ஒலிப்பதிவுக் கருவி அவர் குரலை நொடிக்கு 48,000 முறை அளந்து, அந்த அளவுகளை எண்களாகக் குறித்துக் கொள்கிறது. இத்தகைய ஊடகத்தில் ஒரு படைப்பைச் செய்ய மாணவர் விரும்பினால் எங்குத் தொடங்க வேண்டும்? கருவியிலிருந்து என்று பலர் கருதுவர். ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. அதனை ஒரு கதை வாயிலாகக் காண்போம்.

தென் மாவட்டம் ஒன்றில், கண்மாய்க் கரையை ஒட்டிய ஓர் ஊரை மனத்தில் அமைத்துக் கொள்ளுங்கள். அவ்வூர் மேனிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவர் ஐவர் தலைமையாசிரியரிடம் சென்றனர்.

"ஐயா, நம் ஊரைப் பற்றி ஒரு காணொளி எடுக்க விரும்புகிறோம். தாங்கள் இசைவு தர வேண்டும்" என்றான் ஒருவன்.

"மிக நன்று, தம்பி. ஊரைப் பற்றி என்றால் எதைப் பற்றி?"

"எல்லாவற்றையும் பற்றி, ஐயா. கோயில், சந்தை, கண்மாய், திருவிழா, பள்ளிக்கூடம், பழைய வீடுகள், பெரியோர்கள்."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"பத்து நிமிடம், ஐயா."

தலைமையாசிரியர் நகைத்தார். "பத்து நிமிடத்தில் ஏழு பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடமும் வாராது. பேருந்தில் அமர்ந்து ஊரைக் கடந்து செல்பவன் இதைவிட மிகுதியாகக் காண்பானே! நாளை வாருங்கள். வரும்போது ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் காணொளி எந்தக் கேள்விக்கு விடை சொல்லப் போகிறதோ, அந்தக் கேள்வியை."

மாணவர்க்கு முதலில் வருத்தமே உண்டாயிற்று. ஆயினும் இவ்விடர்ப்பாடு அவர்களுக்கு மட்டும் உரியதன்று. படக்கலையில் பெரும்புகழ் பெற்ற ஒருவரும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவரே. ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி என்னும் அமெரிக்கர் கனடா நாட்டின் வடகோடியில், ஹட்சன் விரிகுடாப் பகுதியில், சுரங்கப் பொருள்களைத் தேடிச் சென்றவர். அங்கு வாழும் இனுயிட் மக்களின் வாழ்வை அவர் படம் பிடித்து வந்தார். 1916ஆம் ஆண்டில் டொராண்டோ நகரில் அப்படச்சுருளைச் சீர்செய்து கொண்டிருந்தபோது, அவருடைய சிகரெட் நெருப்புப் பட்டு ஏறத்தாழ 30,000 அடி மூலச்சுருள் எரிந்து போயிற்று. ஒரு படி மட்டும் எஞ்சியது. அதனைப் பலர்க்கும் காட்டிப் பார்த்தபோது, அது தமக்கே நிறைவளிக்கவில்லை என்பதை ஃபிளாஹெர்ட்டி உணர்ந்தார். இங்கொரு காட்சியும் அங்கொரு காட்சியுமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் அவை நின்றன. எனவே மென்மயிர் வணிகம் செய்த ஒரு நிறுவனத்தாரிடம் பொருளுதவி பெற்று 1920ஆம் ஆண்டில் மீண்டும் வடக்கே சென்றார். இம்முறை எல்லாரையும் எடுக்கவில்லை. ஒரு வேட்டுவனையும் அவன் குடும்பமாகத் தோன்றியோரையும் மையமாக வைத்து எடுத்தார். 1922ஆம் ஆண்டில் வெளிவந்த 'வடபுலத்து நானூக்' என்னும் அந்தப் படம் இன்றும் பேசப்படுகிறது.

நம் மாணவர் ஐவரும் அன்று மாலை கண்மாய்க் கரையில் அமர்ந்து ஆராய்ந்தனர். கரையின் உட்புறத்தில், நீருக்கு நடுவே, இரண்டு கருங்கல் தூண்கள் எதிரெதிராக நிற்பதை அவர்கள் பிறந்த நாள் முதல் கண்டு வந்தனர். தூண்களின்மீது கொக்கு அமர்ந்திருக்கும். அவை எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. அக்குழுவில் ஒரு மாணவி, "எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். இளமையில் இந்த மடையை முங்கித் திறந்தவர் என்று சொல்லுவார்கள். அவருக்கு எண்பத்து மூன்று வயது" என்றாள்.

அத்தூண்கள் குமிழி மடையைச் சேர்ந்தவை. குமிழித் தூம்பு என்றும் அதனைக் கூறுவர். புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளின் பழங்கண்மாய்களில் இதனை இன்றும் காணலாம். தூண்களுக்கு நேர்கீழே, கண்மாயின் தரை மட்டத்தில், கல்லால் ஆன தொட்டி ஒன்று உண்டு. அதன் மேற்புறத்தில் ஒரு பெரிய துளை, இது நீரோடி. அடிப்பக்கத்தில் சிறு துளைகள், இவை சேறோடி. தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் ஒரு சுருங்கை வெளிப்புறத்து வாய்க்காலுக்குச் செல்கிறது. மேல்துளையை மூடியிருக்கும் கல்லைத் தூக்கினால் நீர் விரைந்து உள்ளே பாய்கிறது. அவ்விசையில் அடியில் படிந்த சேறும் சிறு துளைகள் வழியே இழுக்கப்பட்டு நீரோடு கலந்து வெளியேறுகிறது. வயலுக்கு வண்டல் கிடைக்கிறது. கண்மாய் தூர்ந்து போவதும் குறைகிறது. ஆழ நீரில் முங்கி அந்தக் கல்லைத் திறப்பவரும், பின்னர் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுபவரும் ஊரில் இருந்தனர். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர் என்று இடத்துக்கு இடம் அவர்களுக்குப் பெயர் வேறுபடும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் குளங்களும் கண்மாய்களும் உள்ளன. அவற்றுள் பலவற்றில் இரும்புக் கதவும் திருகும் வந்துவிட்டன. முங்கித் திறந்தவர்களின் அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. அது அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது.

மறுநாள் மாணவி எழுதிக்கொண்டு வந்த கேள்வி இது: "இரும்புக் கதவு வருமுன், கடைமடை வயலுக்கும் நீர் போய்ச் சேருமாறு நம் ஊரார் கண்மாயை எவ்வாறு ஆண்டனர்?"

தலைமையாசிரியர் அதனை இருமுறை படித்தார். "இது எடுக்கத்தக்கது. இனி முன்மொழிவு எழுதுங்கள்" என்றார்.

முன்மொழிவு என்பது, ஒரு செயலைச் செய்ய விரும்புவோர் அதற்கு இசைவோ பொருளோ தரவல்லார்க்கு எழுதும் விண்ணப்பமாகும். விண்ணப்பம் என்றவுடன், பணிவான சொற்களை அடுக்குவதே அதன் இலக்கணம் என்று சிலர் எண்ணுவர். பணிவு வேண்டியதே, ஆனால் படிப்பவர் தேடுவது வேறு. என்ன செய்யப் போகிறீர்கள்? யாருக்காக? யார் யார் எந்த வேலையைச் செய்வீர்கள்? எப்போது முடியும்? என்ன செலவாகும்? முடிந்தபின் அது எங்கே இருக்கும்? இவற்றுக்கு விடை இல்லையேல், எத்துணை இனிய தமிழில் எழுதினும் அவ்விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும். பிறர்க்கு எழுதுவதாகத் தோன்றினாலும், முன்மொழிவால் முதற்பயன் பெறுபவர் அதை எழுதுபவரே. எழுதிப் பார்க்கும்போதுதான் தம் திட்டத்தின் ஓட்டைகள் தமக்குத் தெரிகின்றன.

இம்மாணவர்க்கும் அவ்வாறே தெரிந்தது. முதலில் ஊரிலுள்ள பெரியோர் இருபதின்மரை ஒவ்வொரு மணி நேரம் பேசவைத்துப் படம் எடுப்பதாக எழுதினர். கணக்கில் வல்ல ஒருவன் கூட்டிப் பார்த்தான். நல்ல தெளிவுள்ள காணொளி ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் இடம் பிடிக்கும். இருபது மணி நேரம் என்பது 1,200 நிமிடம். ஆக 1,20,000 மெகாபைட், அஃதாவது 120 ஜிகாபைட். அவர்களிடமிருந்த கைப்பேசியில் எஞ்சியிருந்த இடமோ இருபது ஜிகாபைட்டுக்கும் குறைவு. அதுகூடப் பெரிதன்று, அட்டை ஒன்று வாங்கினால் தீரும். பேச்சைக் கேட்டு எழுதும் வேலையே மலைப்பைத் தந்தது. ஒரு மணி நேரப் பேச்சைச் சொல் பிசகாமல் எழுதப் பழகியவர்க்கே நான்கு மணி நேரமேனும் ஆகும். இருபது மணிக்கு எண்பது மணி. ஐவரும் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் உழைத்தால் வாரத்துக்குப் பத்து மணி. எழுத்து வேலைக்கு மட்டும் எட்டு வாரம் வேண்டும். அதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். எனவே இருபதின்மரை மூவராகக் குறைத்தனர்: மடை திறந்த முதியவர், கடைமடையில் நிலமுள்ள ஓர் அம்மையார், இப்போது இரும்புக் கதவைத் திறக்கும் பணியாளர். ஒருவர் நீரைத் திறந்தவர். ஒருவர் நீருக்காகக் காத்திருந்தவர். ஒருவர் இன்றைய நிலையை அறிந்தவர். இருபது பேரிடம் கிடைப்பதைக் காட்டிலும் இம்மூவரிடம் தெளிவாகவே கிடைக்கும்.

ஒரு மாணவன், வானூர்தி போன்ற சிறு பறக்கும் கருவியால் கண்மாயை மேலிருந்து எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினான். அதற்கான வாடகை, திட்டத்தின் மற்றெல்லாச் செலவையும் விஞ்சியது. மேலிருந்து பார்த்தால் கண்மாய் அழகாகவே தெரியும். மடை எவ்வாறு திறக்கப்பட்டது என்பது தெரியாது. நீரடியில் உள்ள தொட்டியை ஒரு மாணவி படமாக வரைந்து, அப்படத்தில் நீர் செல்லும் வழியை அம்புக்குறியால் காட்டுவது என்று முடிவாயிற்று. அதற்குச் செலவு ஒரு வண்ணப் பென்சில் பெட்டி.

அவர்கள் எழுதி முடித்த முன்மொழிவின் உடற்பகுதியைக் கீழே தருகிறேன். நீங்கள் எழுதும்போது இதனை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை.

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு, பதினோராம் வகுப்பு மாணவர் ஐவர் பணிவுடன் எழுதும் முன்மொழிவு. நம் ஊர்க் கண்மாயின் குமிழி மடையை முங்கித் திறந்த முறையையும், கடைமடை வரை நீரைப் பங்கிட்ட முறையையும் விளக்கும் பத்து நிமிடக் காணொளி ஒன்றை உருவாக்க விரும்புகிறோம். இது நம் பள்ளியின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்க்காகச் செய்யப்படுவது. கண்மாய்ப் பாசனத்தார் கூட்டத்திலும் காட்டப்படும். மூவரிடம் உரையாடல் நிகழ்த்துவோம். இருவர் கேள்வி கேட்பர். ஒருவர் படம் எடுப்பார். ஒருவர் ஒலியைக் கவனிப்பார். ஒருவர் வரைபடம் வரைவார். பேச்சை எழுதும் பணியை ஐவரும் பகிர்ந்து கொள்வோம். ஆறு சனிக்கிழமைகளில் பணி முடியும். சட்டையில் மாட்டும் ஒலிவாங்கி ஒன்றுக்கு ரூ. 1,000, நினைவட்டை இரண்டுக்கு ரூ. 2,400, அச்சுச் செலவு ரூ. 300, ஆக ரூ. 3,700 வேண்டும். கைப்பேசியும் முக்காலியும் எங்களிடம் உள்ளன. பேசுவோரிடம் எழுத்தில் இசைவு பெறுவோம். முழு ஒலிப்பதிவும் அதன் எழுத்துப் படியும் பள்ளி நூலகத்தில் வைக்கப்படும்."

இம்முன்மொழிவில் இசைவு என்னும் சொல் வந்துள்ளதைக் கவனித்தீர்களா? அதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒருவர் நம்மோடு திண்ணையில் அமர்ந்து பேசுவது வேறு. அப்பேச்சு இணையத்தில் ஏறி முன்பின் அறியாதார் காதில் விழுவது வேறு. 'எடுத்துக்கொள்ளட்டுமா, தாத்தா?' என்று கேட்பது போதாது. எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார், எங்கே வைக்கப்படும் என்பதைச் சொல்லி, எடுத்ததை அவர்க்குப் போட்டுக் காட்டி, 'இந்தப் பகுதி வேண்டாம்' என்று அவர் கூறின் அதனை நீக்கிவிட வேண்டும். நீர்ப் பங்கீட்டைப் பற்றிப் பேசும்போது பழைய வழக்குகளும், ஊரில் யார் கரைமேல் நடக்கலாம், யார் நடக்கலாகாது என்றிருந்த கொடுமைகளும் வெளிவரக்கூடும். அவற்றை மறைத்துவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. அவற்றைச் சொன்னவர் அதே ஊரில்தான் நாளையும் வாழ வேண்டும் என்பதை மறவாதிருங்கள். சிறுவர் படத்தில் தோன்றினால் பெற்றோர் இசைவும் வேண்டும்.

பின்னணியில் ஒரு திரைப்படப் பாடலைச் சேர்க்கலாம் என்று எல்லா மாணவர்க்கும் தோன்றும். பாடலுக்கும் உரிமையாளர் உண்டு. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இன்றுள்ள வடிவின்படி, இலக்கியம், இசை முதலிய படைப்புகளின் உரிமை, ஆசிரியர் மறைந்தபின்னும் அறுபது ஆண்டுகள் நீடிக்கிறது. மடையில் நீர் பாயும் ஓசையினும் இக்காணொளிக்கு ஏற்ற இசை வேறு எது?

இன்னொரு சிக்கலும் எழுந்தது. இப்போது ஒருவரும் முங்கி மடை திறப்பதில்லை. எனவே முதியவரின் பேரனைக் கோவணம் உடுத்தி நீரில் முங்கச் செய்து, அதனைப் படம் எடுக்கலாம் என்று ஒருவன் கூறினான். முன்னர்க் கூறிய ஃபிளாஹெர்ட்டியும் இவ்வாறு செய்தவரே. அவர் படத்தில் நானூக் என்னும் பெயரில் தோன்றியவரின் உண்மைப் பெயர் அல்லக்கரியல்லக். அக்காலத்து இனுயிட் வேட்டுவரிடம் துப்பாக்கி இருந்தது. ஆனால் படத்தில் ஈட்டி கொண்டு வேட்டையாடுமாறு காட்டினார். பனிக்கட்டி வீட்டின் உள்ளே வெளிச்சம் போதாமையால், பாதி வீட்டை மட்டும் கட்டச் செய்து எடுத்தார். பார்த்தவர்களோ அனைத்தையும் உள்ளது உள்ளபடியே என்று நம்பினர். அறிஞர்கள் இதனைக் குறித்து இன்றும் வாதிடுகின்றனர். நம் தலைமையாசிரியர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். நீச்சல் தெரிந்த பெரியவர் அருகில் இல்லாமல் எவரும் நீரில் இறங்கலாகாது. நடித்துக் காட்டிய பகுதியில் 'இது நடித்துக் காட்டப்பட்டது' என்று திரையிலேயே எழுத வேண்டும்.

எடுத்ததைக் காப்பதும் திட்டத்தில் ஒரு பகுதியே. பலர் இதனைக் கடைசியில் எண்ணலாம் என்று விட்டுவிடுகின்றனர். ஏ. கே. செட்டியார் என்னும் தமிழர் 1937ஆம் ஆண்டில் கப்பலில் செல்லும்போது, காந்தியடிகளைப் பற்றி ஒரு செய்திப்படம் உருவாக்க வேண்டும் என்று எண்ணினார். அப்போது அவர் இளைஞராக இருந்தார். பல நாடுகளுக்கும் சென்று, பலர் பல காலங்களில் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடி ஏறத்தாழ 50,000 அடி சேர்த்து, அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு படமாக்கி 1940ஆம் ஆண்டில் வெளியிட்டார். அத்துணை அரும்பாடுபட்டு ஆக்கிய படமும் பிற்காலத்தில் நெடுங்காலம் காணக் கிடைக்காமற் போயிற்று. எண்மப் பதிவுக்கு நெருப்பு அச்சம் குறைவு. ஆனால் கைப்பேசி நீரில் விழுந்தால் போயிற்று. நினைவட்டை பழுதானாலும் போயிற்று. கடவுச்சொல்லை மறந்தாலும் போயிற்று. ஆதலால் மூன்று படிகள் வேண்டும். இரண்டு வேறுவேறு வகைக் கருவிகளில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். நம் மாணவர் ஒரு படியைப் பள்ளிக் கணினியிலும், மற்றொன்றை நூலகத்து நினைவட்டையிலும், பிறிதொன்றை ஊராட்சி அலுவலகத்திலும் வைப்பதாக எழுதிச் சேர்த்தனர். கோப்புகளுக்குப் பெயரிடுவதிலும் ஒழுங்கு வேண்டும். 'புதியது', 'புதியது இரண்டு', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று பெயரிட்டுவிட்டுப் பின்னர்த் தவிப்போர் வளர்ந்தவரிலும் பலர் உளர். நாள், பேசியவர், பொருள் ஆகிய மூன்றும் பெயரில் இருந்தால் போதும்.

திருத்திய முன்மொழிவைத் தலைமையாசிரியர் ஓய்வாக அமர்ந்து படித்தார். தொகைக்கு இசைந்து கையொப்பமிடப் போனவர், கால அட்டவணையைக் கண்டு நின்றார். முதல் சனிக்கிழமை, தலைப்புக் காட்சி எடுத்தல். இரண்டாவது, கண்மாய்க் காட்சிகள். மூன்றாவது, வரைபடம். நான்காவது, இரும்புக் கதவுப் பணியாளர். ஐந்தாவது, கடைமடை அம்மையார். ஆறாவது சனிக்கிழமையில் முதியவர். எளியவற்றை முதலில் முடித்துவிட்டு, அரியதைக் கடைசியில் வைத்திருந்தனர்.

"பெரியவருக்கு வயது என்ன என்றீர்கள்?"

"எண்பத்து மூன்று, ஐயா."

தலைமையாசிரியர் வேறொன்றும் கூறவில்லை. ஆறாவது வரியை ஒரு கோட்டால் சுற்றி, அம்பு ஒன்றை மேலே இழுத்து, முதல் சனிக்கிழமைக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார். பின்னர்க் கையொப்பமிட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஐவரும் முதியவர் வீட்டுத் திண்ணையில் கூடினர். ஒலிவாங்கி இன்னும் வந்து சேரவில்லை. இரவல் பெற்ற ஒன்றை அவர் துண்டில் மாட்டினர். ஒருவன் காதில் கருவியை வைத்து ஒலி தெளிவாக விழுகிறதா என்று பார்த்துத் தலையசைத்தான். மாணவி தான் எழுதி வைத்திருந்த முதல் கேள்வியைப் படித்தாள்.

"தாத்தா, மடையை எப்படித் திறப்பீர்கள்?"

முதியவர் சிறிது நேரம் கண்மாய் இருக்கும் திசையையே நோக்கினார்.

"எந்த மடையைக் கேட்கிறாய், அம்மா? அந்தக் கண்மாய்க்கு மூன்று மடை. இரண்டின் தூண்கள் என் காலத்திலேயே சாய்ந்து போயின. அவை இருந்த இடம் உங்களுக்குத் தெரியுமா?"

மாணவி கேள்வித் தாளை மடித்து வைத்துவிட்டு, புதிய தாள் ஒன்றை எடுத்தாள்.